நூலும் நட்டும் மெழுகுவத்தியும்: ஆய்வகமில்லாத ஏழாம் வகுப்புக்கு

நீங்கள் கேட்டிருப்பது இது: நடுநிலைப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், ஏழாம் வகுப்பில் 42 பிள்ளைகள், ஆய்வகம் கிடையாது, பாடவேளை 40 நிமிடம், அறிவியலும் கணக்கும் கலந்த, செலவில்லாத பத்துச் செயல்திட்டங்கள் வேண்டும். கேள்வியின் கடைசியில் இன்னொரு வரியும் இருக்கிறது. போன மாதம் எரிமலை மாதிரி செய்தபோது பிள்ளைகள் கைதட்டி மகிழ்ந்தார்கள், மறுநாள் கேட்டால் ஒருவருக்கும் எதுவும் சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அந்த வரிதான் என்று படுகிறது. பத்துச் செயல்திட்டங்களின் பட்டியல் எங்கு வேண்டுமானாலும் கிடைக்கும். கைவேலை எந்த இடத்தில் படிப்பாக மாறுகிறது என்பதைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள். அதற்கே பதில் சொல்கிறேன். பத்துக்குப் பதில் நான்கைந்துதான் வரும்.

அரசுப் பள்ளிகளில் 26 ஆண்டுகள் ஆறு முதல் பத்து வரையிலான வகுப்புகளுக்கு இயற்பியலும் கணக்கும் நடத்தியவன் நான். தொடக்க வகுப்புகளுக்கு நடத்திய அனுபவம் இல்லை. உயிரியலில் என் கை அவ்வளவு பழகவில்லை. கீழே சொல்வதை அந்த எல்லைக்குள் வைத்துப் படியுங்கள்.

எரிமலையை முதலில் முடித்துவிடுகிறேன். சமையல் சோடாவும் வினிகரும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு நுரைப்பதற்கும், பூமிக்கு அடியில் பாறைக்குழம்பு அழுத்தத்தால் மேலேறுவதற்கும் உருவத்தில்தான் ஒற்றுமை. காரணம் முற்றிலும் வேறு. அதைவிடப் பெரிய குறை, அதில் பிள்ளைகள் தவறு செய்ய இடமே இல்லை என்பது. ஊற்றினால் பொங்கும். பொங்குவதற்கு முன் யாரும் எதையும் கணித்துச் சொல்லவில்லை, பொங்கிய பின் யாரும் எதையும் அளக்கவில்லை. நான் ஒரு செயலைத் தேர்ந்தெடுக்க வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: கருவியைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பதிலை எழுத வேண்டும், அந்தப் பதில் தவறாகிப்போக உண்மையான வாய்ப்பு இருக்க வேண்டும்.

உங்கள் முதல் செயலாகத் தனி ஊசலைச் சொல்வேன். தையல் நூல், சைக்கிள் கடையில் வாங்கும் ஒரே அளவிலான நட்டுகள், ஓர் அளவுகோல், கைப்பேசியில் நிறுத்துக் கடிகாரம். நூலின் நீளம் 100 சென்டிமீட்டர். நூலில் கட்டிய நட்டுதான் குண்டு; அது ஒருமுறை போய்த் திரும்பி வந்தால் ஓர் அலைவு. பத்து அலைவுகளுக்கு எவ்வளவு நேரமாகிறது என்று எல்லாக் குழுக்களும் அளக்கட்டும். விடை ஏறத்தாழ 20 நொடி. ஆனால் முதல் தடவை உங்கள் வகுப்பில் பாதிக் குழுக்கள் 18 என்று எழுதுவார்கள், பாருங்கள். காரணம், குண்டை விடும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியிருப்பார்கள். பத்து என்று சொல்லும்போது ஒன்பது அலைவுகள்தான் முடிந்திருக்கும். நீங்களே இதைச் சொல்லிவிடாதீர்கள். 18 எழுதிய குழுவையும் 20 எழுதிய குழுவையும் எதிரெதிரே நிறுத்தி, ஒருவர் செய்வதை மற்றவர் பார்க்கச் சொல்லுங்கள். "சுழி"யிலிருந்து எண்ண வேண்டும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்போது, எண்கோட்டில் பூச்சியம் எதற்கு என்ற பாடமும் சேர்ந்தே நடந்துவிடும்.

அடுத்த கேள்வி: ஒரு நட்டுக்குப் பதில் மூன்று நட்டு கட்டினால்? வகுப்பில் பெரும்பாலோர் "வேகமாக ஆடும்" என்று எழுதுவார்கள். செய்து பார்த்தால் சில குழுக்களுக்கு மெதுவாக ஆடியதாகக் கணக்கு வரும். இங்கே பல ஆசிரியர்கள் "அளந்ததில் தவறு" என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் அளந்தது சரிதான். நட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டிருப்பார்கள். எடையின் மையம் கீழே இறங்கி ஊசல் நீண்டுவிட்டிருக்கும். ஒரே கொக்கியில் மூன்றையும் மாட்டி, நீளத்தை முடிச்சு வரை அளக்காமல் நட்டின் நடுப்பகுதி வரை அளக்கச் சொன்னால் வேறுபாடு மறைந்துவிடும். எடை கூடினாலும் அலைவுநேரம் மாறாது என்பது உறுதியான செய்தி.

பிறகுதான் கணக்கு வருகிறது. நூலைக் கால்வாசியாக, 25 சென்டிமீட்டராகக் குறைத்தால் பத்து அலைவுக்கு எத்தனை நொடி? "ஐந்து" என்று வகுப்பே சொல்லும். அளந்தால் பத்து வரும். சரி, 30 நொடி வர வேண்டுமானால் நூல் எவ்வளவு நீளம் வேண்டும்? பிள்ளைகள் 150 என்பார்கள், 175 என்பார்கள். மாடிப்படியின் கைப்பிடியிலோ வேப்பமரக் கிளையிலோ நூலைக் கட்டி, நீட்டி நீட்டிப் பார்க்க விடுங்கள். 225-க்கு அருகில் வந்து நிற்பார்கள். கரும்பலகையில் 10, 20, 30 என்று ஒரு வரிசை, அதன் கீழே 25, 100, 225 என்று இன்னொரு வரிசை. இரண்டையும் எழுதிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். 25-இன் ஒரு மடங்கு, நான்கு மடங்கு, ஒன்பது மடங்கு என்று யாராவது ஒருவர் கண்டுபிடித்துக் கத்தும் வரை காத்திருப்பதில் ஐந்து நிமிடம் போனாலும் அது வீண் அல்ல.

வீச்சைப் பற்றி, அதாவது குண்டை எவ்வளவு அகலமாக இழுத்துவிடுகிறோம் என்பதைப் பற்றி, மட்டும் கவனமாக இருங்கள். வீச்சு எவ்வளவாக இருந்தாலும் அலைவுநேரம் மாறாது என்று சொல்லிக்கொடுத்துப் பழகியவர்கள் நாம். என் வகுப்பில் ஒரு மாணவி, நூலை நன்றாக அகலமாக இழுத்துவிட்டால் நேரம் கூடுகிறது என்று மூன்று முறை அளந்து காட்டினாள். நான் முதலில் மறுத்தேன். வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. பத்துப் பாகைக்குள் ஆடும்போது வேறுபாடு ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. கையால் கண்டுபிடிக்க முடியாது. 60 பாகை வரை இழுத்துவிட்டால் ஓர் அலைவின் நேரம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். மறுநாள் வகுப்பில் அவள் பெயரைச் சொல்லி, "இவள் அளந்தது சரி, நான் சொன்னது சிறிய வீச்சுக்கு மட்டும்தான் பொருந்தும்" என்று எழுதிப் போட்டேன். அதன்பின் அந்த வகுப்பு என்னிடம் எதையும் சரிபார்க்காமல் ஏற்றுக்கொள்ளவில்லை. எனக்கு அதில் மகிழ்ச்சிதான்.

இரண்டாவது, எல்லோரும் அறிந்த மெழுகுவத்திச் சோதனை. தட்டில் நீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கிறோம். சுடர் அணைகிறது, நீர் உள்ளே ஏறுகிறது. "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்ததால் நீர் ஐந்தில் ஒரு பங்கு ஏறியது" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். இந்த விளக்கம் தவறு என்பதில் ஐயமே இல்லை. மூடிய காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 16 விழுக்காட்டுக்குக் குறையும்போதே மெழுகுவத்தி அணைந்துவிடுகிறது. ஆக்சிஜனில் பெரும்பகுதி உள்ளேயேதான் இருக்கிறது. எரிந்த ஆக்சிஜனுக்கு ஈடாகக் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகிறது. நீர் ஏறுவதற்கு முதன்மையான காரணம் வெப்பம். சுடரின் சூட்டில் விரிந்த காற்றின் ஒரு பகுதி, டம்ளரைக் கவிழ்க்கும்போதே குமிழியாக வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்து மீதிக் காற்று குளிரும்போது சுருங்குகிறது. அந்த இடத்துக்கு நீர் வருகிறது. நீராவி நீராகப் படிவதும் கொஞ்சம் துணைசெய்கிறது. எது எவ்வளவு பங்கு என்பது டம்ளரின் அளவையும் கவிழ்க்கும் வேகத்தையும் பொறுத்து மாறும். அதற்கு ஒரே எண்ணைச் சொல்ல முடியாது.

இதைப் பிள்ளைகளிடம் சொற்பொழிவாகச் சொல்ல வேண்டாம். முதலில் பழைய விளக்கத்தையே ஒருவர் சொல்லட்டும். வகுப்பில் டியூஷன் போகும் பிள்ளை எவராவது கட்டாயம் சொல்வார். "அப்படியானால் மூன்று மெழுகுவத்தி வைத்தால் நீர் எவ்வளவு ஏறும்?" என்று கேளுங்கள். ஆக்சிஜன் அதே அளவுதானே, அதே உயரம்தான் ஏற வேண்டும் என்று எழுதுவார்கள். மூன்று வைத்துச் செய்யுங்கள். நீர் தெளிவாக அதிக உயரம் ஏறும். இன்னொரு முறை, நீர் எப்போது ஏறுகிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். எரியும்போது மெதுவாக, அல்லது ஏறாமலே; சுடர் அணைந்தவுடன் விறுவிறுவென்று. தீர்ப்புக்கு மூன்றாவது சோதனை இருக்கிறது. மெழுகுவத்தியே வேண்டாம். கண்ணாடி பாட்டிலில் சூடான நீரை ஊற்றி, ஒரு நிமிடம் கழித்துக் கொட்டிவிட்டு, உடனே தட்டு நீரில் கவிழ்த்து வையுங்கள். எதுவும் எரியவில்லை, ஆனாலும் பாட்டில் குளிரக் குளிர நீர் உள்ளே ஏறும். சூடான நீரை நீங்கள் மட்டும் கையாளுங்கள். தட்டு நீரில் ஒரு சொட்டு மையோ கொஞ்சம் குங்குமமோ கலந்தால் பின்வரிசைக்கும் தெரியும்.

கணக்குக்கு வருகிறேன். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்து "பை" கண்டுபிடிக்கும் செயலை எல்லோரும் செய்கிறார்கள். பாதி வழியில் நிறுத்திவிடுகிறார்கள். வளையல், டப்பா மூடி, சாப்பாட்டுத் தட்டு, சைக்கிள் சக்கரம் என்று ஆளுக்கொன்று கொண்டுவந்து அளந்தால் 3.0 முதல் 3.3 வரை எண்கள் வரும். 3.14 வராதவர்கள் பக்கத்தில் பார்த்து அழித்து எழுதுவார்கள். அந்த அழிப்பான்தான் இந்தச் செயலைக் கெடுப்பது. சணல் கயிற்றால் சுற்றிய குழுவுக்கு ஏன் கூடுதலாக வந்தது என்று கேளுங்கள். 6 சென்டிமீட்டர் மூடியில் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள சணலைச் சுற்றினால் 3.25 தான் வர வேண்டும். கயிற்றின் நடுக்கோடு மூடியின் விளிம்பைவிட வெளியே ஓடுகிறது. விட்டத்தை மையத்தின் வழியாக அளக்காதவர்களுக்கும் கூடுதலாகவே வரும். வட்டத்தின் நாண்களில் மிக நீளமானது விட்டம் என்பது இங்கே பிடிபடும். சைக்கிள் சக்கரத்தில் சுண்ணாம்புக் குறி வைத்து முற்றத்தில் ஐந்து சுற்று உருட்டிய குழுவுக்குப் பெரும்பாலும் நல்ல எண் வரும். பெரிய பொருளில் அதே அளவு தவறு சிறிய பங்காகிவிடுகிறது என்பதை அவர்களே சொல்லட்டும்.

ஒன்றை மட்டும் மழுப்பாமல் சொல்லிவிடுங்கள். எந்த வட்டத்தை எடுத்தாலும் அந்த விகிதம் ஒன்றாகவே இருக்கும் போலிருக்கிறது என்பது வரையில்தான் அளத்தல் நம்மைக் கொண்டுபோகும். 3.14159 என்று நீளும் எண் அளந்து கிடைத்தது இல்லை. ஆர்க்கிமிடீஸ் வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் 96 பக்கப் பலகோணங்களை வைத்துக் கணக்கிட்டு, அது 22/7-ஐவிடச் சற்றுக் குறைவு என்று நிறுவினார். 22/7 தான் பை என்று நம்பி மேல்வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் ஏராளம். முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்து ஒட்டி 180 பாகை காட்டும் செயலுக்கும் இதே எச்சரிக்கை. அது நம்பிக்கை தரும், நிரூபணம் ஆகாது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு புரியாது என்று சிலர் சொல்கிறார்கள். என் வகுப்புகளில் புரிந்தது.

ஒன்பதாம் வகுப்பும் உங்கள் பொறுப்பில் வந்தால் ஈர்க்குச்சி விளையாட்டைச் செய்து பாருங்கள். சார்ட் தாளில் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் இணைகோடுகள். அதே 5 சென்டிமீட்டருக்கு நறுக்கிய ஈர்க்குச்சிகளைத் தூக்கிப் போட்டு, எத்தனை கோட்டைத் தொடுகின்றன என்று எண்ண வேண்டும். தொடும் வாய்ப்பு 2 வகுத்தல் பை. அதனால் 2-ஐத் தொட்டவற்றின் விகிதத்தால் வகுத்தால் பை கிடைக்க வேண்டும். 45 பேர் ஆளுக்கு 20 முறை, மொத்தம் 900 முறை போட்டாலும் விடை 3.06-க்கும் 3.22-க்கும் இடையில் வருவதே மூன்றில் இரண்டு தடவைதான். 1901-இல் இத்தாலியரான லாசரினி 3,408 முறை போட்டு 355/113 கிடைத்ததாக எழுதினார். ஆறு தசம இடங்கள் வரை சரியான எண். அவ்வளவு சரியாக வந்ததாலேயே கணித அறிஞர்கள் அதை நம்பவில்லை. தரவு அளவுக்கு மீறி நன்றாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பதைப் பதினான்கு வயதில் கற்றுக்கொள்வது நல்லது.

இனி எனக்கு மிகவும் பிடித்தது: நிழல். பள்ளி முற்றத்தில் சமதளமான இடத்தில் ஒரு மீட்டர் உயரக் கம்பு. கொத்தனாரிடம் தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் ஒரு நாள் கேட்டு வாங்கினால் கம்பு நேராக நிற்கிறதா, தரை சமமா என்று பார்த்துக்கொள்ளலாம்; இந்த இரண்டும் சரியில்லாவிட்டால் மற்றதெல்லாம் பிழையாகும். முதல் நாள் கேள்வி: 12 மணிக்கு நிழல் மிகக் குறுகுமா? குறுகாது. நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைப் பின்பற்றுகிறது. அதற்கு மேற்கே ஒரு பாகை போனால் நண்பகல், அதாவது நிழல் மிகக் குறுகும் பொழுது, 4 நிமிடம் தாமதமாக வரும். அதோடு ஆண்டு முழுவதும் சில நிமிட ஏற்ற இறக்கமும் உண்டு. மார்ச் 21 அன்று சென்னையில் நண்பகல் ஏறத்தாழ 12.16, கன்னியாகுமரியில் 12.27. அந்த நாளில் இன்னொரு வசதியும் இருக்கிறது: நண்பகலில் சூரியன் தலைக்கு நேர்மேலிருந்து சாய்ந்திருக்கும் கோணமே ஊரின் அட்சரேகை. ஒரு மீட்டர் கம்பின் நிழல் சென்னையில் 23 சென்டிமீட்டர், மதுரையில் பதினேழரை, கன்னியாகுமரியில் 14.

சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் அட்சரேகையில் வேறுபாடு 5 பாகை. இரண்டு ஊர்ப் பள்ளிகள் ஒரே நாளில் அவரவர் நண்பகலில் நிழலை அளந்து தொலைபேசியில் பரிமாறிக்கொண்டால், பண்டைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீஸ் எகிப்தில் சையீன், அலெக்சாண்டிரியா என்ற இரண்டு ஊர்களை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டதுபோல நம் பிள்ளைகளும் கணக்கிட்டுவிடலாம். வடக்கு தெற்காக இடைவெளி ஏறத்தாழ 555 கிலோமீட்டர். 5 பாகைக்கு அவ்வளவு என்றால் 360 பாகைக்கு? ஏறக்குறைய 40,000. சாலை வழித் தூரத்தைப் போட்டுவிடாதீர்கள், அது வளைந்து போவதால் விடை மிகவும் பெரிதாகிவிடும். வரைபடத்தில் நேர் வடக்காக எவ்வளவு என்றே அளக்க வேண்டும். உங்கள் விடை 36,000 என்றோ 44,000 என்றோ வந்தால் கலங்க வேண்டாம். சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் அரைப் பாகை அகலமாகத் தெரிவதால் நிழலின் நுனி மங்கலாகத்தான் விழும். அதில் இரு பக்கமும் அரை சென்டிமீட்டர் பிசகுவது இயல்பு.

நிழலே விழாத நாளும் நமக்கு உண்டு. தமிழ்நாடு முழுவதும் கடகரேகைக்குத் தெற்கே இருப்பதால் ஆண்டுக்கு இருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வரும்: கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 அளவில், சென்னையில் ஏப்ரல் 24 அளவில், திரும்பும் வழியில் சென்னையில் ஆகஸ்ட் 18, கன்னியாகுமரியில் செப்டம்பர் தொடக்கம். ஏப்ரலில் தேர்வு குறுக்கிடும். ஆகஸ்டில் மேகம் குறுக்கிடலாம். ஒரு நாள் தவறினாலும் பாதகமில்லை, நிழல் அரை சென்டிமீட்டர் அளவே மாறும். அன்று எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தால்கூடப் போதும். அரண்மனை கட்ட மனையளந்தவர்கள் இரண்டு கோல் நட்டு, எந்தப் பக்கமும் சாராத நண்பகலில் கயிறிட்டுத் திசை குறித்ததை நெடுநல்வாடை சொல்கிறது. அது நிழலில்லா நாளையே குறிக்கிறதா, நிழல் கிழக்கிலும் மேற்கிலும் சாயாத பொழுதை மட்டும் குறிக்கிறதா என்று இரண்டு விதமாகவும் பொருள் கொள்ள இடமிருக்கிறது. தமிழ் ஆசிரியரையும் அன்று முற்றத்துக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

சிறியவை இரண்டு. மஞ்சள் தடவிய தாள் சோப்பு நீரிலும் சுண்ணாம்புத் தெளிவிலும் சிவக்கும். ஆனால் எலுமிச்சைச் சாற்றையும் வெறும் நீரையும் அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குச் சங்குப்பூச் சாறு வேண்டும். அமிலத்தில் ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும், காரத்தில் பச்சையாகவும் மாறும். கழிப்பறைத் திரவத்தைச் சோதனைக்குக் கொண்டுவர விடாதீர்கள். மற்றது பச்சைப்பயறு. வெளிச்சத்தில் ஒரு கொட்டாங்குச்சி, இருட்டில் ஒரு கொட்டாங்குச்சி; ஐந்தாம் நாள் எது உயரம்? வெளிச்சத்தில் வளர்ந்தது என்று எழுதுவார்கள். இருட்டில் வளர்ந்ததுதான் வெளுத்து, மெலிந்து, உயரமாக நிற்கும்.

42 பேரை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருந்தீர்கள். ஆறு ஆறு பேராக ஏழு குழு. குண்டை விடுபவர், எண்ணுபவர், நேரம் பார்ப்பவர், எழுதுபவர் என்று வேலையைப் பிரித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் பையன்கள் கருவியைப் பிடித்துக்கொள்வார்கள், பெண்பிள்ளைகள் நோட்டெழுதிக்கொண்டே இருப்பார்கள். இதை நான் பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். கணிப்பைப் பேனாவால் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது. ஒரு செயலை ஒரே பாடவேளையில் அடைக்க முயலாதீர்கள். முதல் நாள் கணிப்பு, இரண்டாம் நாள் செய்தல், மூன்றாம் நாள் வாதம். மூன்றாம் நாளை வெட்டினால் எரிமலைக்கே திரும்பிவிடுவீர்கள். பாடத்திட்டத்தின் நெருக்கடியில் ஆண்டுக்கு நான்கு அல்லது ஐந்துக்கு மேல் எனக்கு முடிந்ததில்லை. அரசுப் பள்ளி என்றால் 2022-இல் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்காகத் தொடங்கிய வானவில் மன்றம் என்ற நடமாடும் அறிவியல் ஆய்வகத் திட்டத்தின் கருத்தாளர்கள் சோதனைப் பொருள்களுடன் வருவார்கள். அவர்கள் செய்து காட்டுவதற்கு ஐந்து நிமிடம் முன்பாகப் பிள்ளைகளிடம் கணிப்பை எழுதி வாங்கிவிடுங்கள். அதே நிகழ்ச்சி வேறு மாதிரி ஆகிவிடும்.

இதனால் மதிப்பெண் கூடுமா என்று உங்கள் தலைமையாசிரியர் கேட்பார். ஒப்பிட்டுச் சொல்லும்படி நான் அளந்து வைக்கவில்லை. கூடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். மாதங்கள் கழித்துக் கேட்டாலும் 25, 100, 225 என்று பிள்ளைகள் சொன்னார்கள் என்பதற்கு மட்டும் நான் சாட்சி.

நூலும் நட்டும் வாங்கி, வகுப்புக்கு முந்தைய நாள் வீட்டில் ஒருமுறை நீங்களே ஊசலை ஆட்டி அளந்து பாருங்கள். உங்கள் ஊர் எது என்று எழுதினால், அங்கே நிழல் விழாத நாளையும் அன்றைய நண்பகல் நேரத்தையும் கணக்கிட்டுக் கீழேயே எழுதுகிறேன்.